மெதுவாக இறங்கியவர் ஏறியதாகத் தெரிந்த கணக்கு: 2024 பிரிட்டன் பொதுத்தேர்தல் முடிவுகளை அலசிய ஒரு சிறு குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஜூலை 4-ஆம் தேதி பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. மொத்தம் 650 தொகுதிகள். சபாநாயகரைச் சேர்க்காமல் லேபர் கட்சிக்கு 411 இடங்களும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 121 இடங்களும் கிடைத்தன. லிபரல் டெமாக்ரட் 72, ரிஃபார்ம் யூகே 5, கிரீன் 4.

வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கம், மாதம் ஒருமுறை கூடும் தமிழ் மூத்தோர் வட்டம் ஒன்று உண்டு. வந்தவர்களில் பலர் அந்த இரவு முழுவதும் தொலைக்காட்சி முன் இருந்தவர்கள். "எங்கட பக்கத்துத் தொகுதிகளிலை உண்மையிலை என்ன நடந்தது எண்டு தமிழிலை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். செப்டம்பர் கூட்டத்துக்குள் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாரிப்பதாக ஒப்புக்கொண்டோம்.

நாங்கள் நான்கு பேர். எழுத்துப் பொறுப்பு என்னுடையது. விரிதாளைச் செய்தவர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. எண்களைச் சரிபார்த்தவர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. நான்காமவர் வாக்கு எண்ணும் மண்டபத்தில் தற்காலிக ஊழியராகப் பல தேர்தல்களில் வேலை செய்த அம்மா ஒருவர். இந்த நான்காமவர் இல்லாமல் போயிருந்தால் முதல் பிழையே எங்களுக்குத் தெரிய வந்திராது.

தேர்ந்தெடுத்த தொகுதிகள்: ஹாரோ ஈஸ்ட், ஹெண்டன், சிங்ஃபோர்ட் அண்ட் வுட்ஃபோர்ட் கிரீன், ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ. வெளியூரிலிருந்து லெஸ்டர் ஈஸ்ட், சவுத் வெஸ்ட் நார்ஃபோக். ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்த்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உமா குமரன் அங்கே வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் எம்.பி. ஆனார். 2015-இல் அவர் போட்டியிட்டுத் தோற்றது ஹாரோ ஈஸ்டில் என்பதால், வட்டத்தில் பலருக்கு அவர் வீட்டு வாசலுக்கு வந்து வாக்குக் கேட்ட ஆள்.

கையில் எடுத்த அளவுகோல்

பிரிட்டனில் தேர்தல் என்றால் 'ஸ்விங்' என்ற சொல் வராமல் இருக்காது. தேர்தல் ஆய்வாளர் டேவிட் பட்லர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்கு அது: ஒரு கட்சியின் வாக்குச் சதவீதம் எத்தனை புள்ளி கூடியது, மற்றதன் சதவீதம் எத்தனை புள்ளி குறைந்தது என்று பார்த்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். தொலைக்காட்சியில் பெரிய ஊசல்முள்ளை ஆட்டிக் காட்டுவதும் இதைத்தான்.

2024-இல் நாடு முழுவதும் லேபர், முந்தைய 2019 தேர்தலின் 32.1-இலிருந்து 33.7 சதவீதமானது. கன்சர்வேட்டிவ் 43.6-இலிருந்து 23.7-க்கு விழுந்தது. கூட்டி வகுத்தால் லேபர் பக்கம் ஏறத்தாழ 10.8 புள்ளி ஸ்விங். மாணவியின் முதல் விரிதாளில் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்த ஒரே எண்தான் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் சிவப்பு (லேபர்) அல்லது நீல (கன்சர்வேட்டிவ்) அம்புக்குறி. பார்க்க அழகாக இருந்தது. நானும் அதை நம்பித்தான் முதல் வரைவை எழுதினேன்.

முதலில் கண்டது: காலியாக இருந்த கட்டம்

ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ வரிசையில் லேபர் 44.1 புள்ளி 'வளர்ந்திருந்தது'. அங்கே உமா குமரன் பெற்ற வாக்கே 44.1 சதவீதம். அந்தப் பெயரில் 2019-இல் தொகுதியே இல்லை. ஆகவே 2019-க்கான கட்டம் காலி. காலியை விரிதாள் பூச்சியமாக எடுத்துக்கொண்டது.

உண்மை நேர் எதிர். அந்தத் தொகுதியின் பெரும்பகுதி பழைய வெஸ்ட் ஹாம், பெத்னல் கிரீன் அண்ட் போ தொகுதிகளிலிருந்து வந்தது. 2019-இல் இரண்டிலுமே லேபர் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்திருந்தது. அதாவது வெற்றி பெரிது, 11,634 வாக்கு வித்தியாசம். ஆனால் வாக்கு விகிதம் நன்றாக இறங்கிவிட்டது. இரண்டாவதாக வந்தது கிரீன் கட்சி. எங்கள் வரைவோ 'வரலாறு காணாத எழுச்சி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இது ஒரு கட்டத்தின் பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் 2024 தேர்தல் நடந்ததே புதிய எல்லைகளில். ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர எல்லாத் தொகுதியிலும் 69,724-க்கும் 77,062-க்கும் இடையில் வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்று எல்லை ஆணையங்கள் வரைபடத்தைத் திருத்தியிருந்தன. பெயர் மாறாத பல தொகுதிகளிலும் ஓரத்தில் தெருக்கள் கைமாறியிருந்தன. நாங்கள் பெயரைப் பார்த்துப் பழைய எண்ணைப் பொருத்தியிருந்தோம்.

"அப்ப பழைய வாக்கை வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சுக் கூட்டிப் பாக்கலாமே" என்றார் மாணவி.

எண்ணும் மண்டபத்து அம்மா சிரித்தார். "முடியாது பிள்ளை. முதல்லை ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டு எண்டு மட்டும் சரிபார்ப்பம். பிறகு மற்றப் பெட்டிச் சீட்டோடை கலந்த பிறகுதான் ஆருக்கு எத்தனை எண்டு எண்ணுவம். எந்தத் தெரு ஆருக்குப் போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அதனால்தான் கொலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் போன்ற ஆய்வாளர்கள் உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகளைத் துணையாகக் கொண்டு '2019-இல் இந்தப் புதிய எல்லைகள் இருந்திருந்தால்' என்ற மதிப்பீட்டு முடிவுகளைத் தயாரிக்கிறார்கள். பெரிய செய்தி நிறுவனங்கள் 2024-இல் ஒப்பிட்டது இவற்றோடுதான். அந்தக் கணக்கில் கன்சர்வேட்டிவ் 2019-இல் வென்ற 365 இடங்கள் 372 ஆகின்றன. அதுவும் மதிப்பீடுதான், எண்ணிய வாக்கு அல்ல. ஆனாலும் காலிக் கட்டத்தை விட மேல்.

இரண்டாவது: சிங்ஃபோர்டின் நீல அம்பு

இதுதான் இந்த ஆய்வின் மையம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிங்ஃபோர்ட் அண்ட் வுட்ஃபோர்ட் கிரீனில் 2019-இல் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இயன் டங்கன் ஸ்மித்துக்கு 23,481 வாக்கு, லேபர் வேட்பாளர் ஃபைசா ஷாஹீனுக்கு 22,219. சதவீதத்தில் 48.5-உம் 45.9-உம். 2024-இலும் ஷாஹீனே லேபர் வேட்பாளராகத் தேர்வாகியிருந்தார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது கட்சி அவரை நீக்கிவிட்டு ஷமா டாட்லரை நிறுத்தியது. ஷாஹீன் சுயேச்சையாக நின்றார். முடிவு: டங்கன் ஸ்மித் 17,281, டாட்லர் 12,524, ஷாஹீன் 12,445. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையில் 79 வாக்கு.

சூத்திரத்தில் போட்டால்: கன்சர்வேட்டிவ் 12.9 புள்ளி குறைவு, லேபர் 20.1 புள்ளி குறைவு. கழித்து வகுத்தால் கன்சர்வேட்டிவ் பக்கம் 3.6 புள்ளி ஸ்விங். (இவை பழைய எல்லைக்கான 2019 எண்கள். தசமத்தை விட்டுவிடலாம், திசைதான் இங்கே முக்கியம்.) வரைவில் நான் எழுதிய வாக்கியம் இது: 'நாடே லேபர் பக்கம் சாய, சிங்ஃபோர்ட் வாக்காளர்கள் கன்சர்வேட்டிவ் பக்கம் திரும்பினர்.'

அங்கிள் வரைவை வாங்கி, அந்த வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். 23,481-ஐயும் 17,281-ஐயும் பக்கத்தில் எழுதினார்.

"ஆறாயிரத்து இருநூறு வாக்கு குறைஞ்சு போட்டுது. அந்தப் பக்கம் திரும்பினது ஆர்?"

"ஃபார்முலா சரியாத்தான் இருக்கு அங்கிள்," என்றார் மாணவி.

"ஃபார்முலா சரி பிள்ளை. ரெண்டு பேரும் படியாலை இறங்கினா, மெதுவா இறங்கிறவன் ஏறினவன் மாதிரித்தான் தெரிவான்."

மாணவி விடவில்லை. ஸ்டீட் ஸ்விங் என்று இன்னொரு முறை உண்டு. அதில் மற்றக் கட்சிகளை ஒதுக்கிவிட்டு இரண்டு கட்சி வாக்குகளை மட்டும் நூறாக வைத்துக் கணக்கிடுவார்கள். மூன்றாமவர் குழப்பத்தை அது நீக்கும் என்று நினைத்தார். வந்த விடை கன்சர்வேட்டிவ் பக்கம் 6.6 புள்ளி. குழப்பம் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஷாஹீனின் 12,445 வாக்குகளைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் வேறென்ன வரும்?

அன்று மாலையே மற்றத் தொகுதிகளையும் இதே கண்ணோடு பார்த்தோம். லெஸ்டர் ஈஸ்ட் இன்னும் மோசம். 2024-இல் கன்சர்வேட்டிவ் கட்சி வேறொரு கட்சியிடமிருந்து கைப்பற்றிய ஒரே தொகுதி அது. ஸ்விங் கன்சர்வேட்டிவ் பக்கம் கிட்டத்தட்ட 11 புள்ளி. ஆனால் 2019-இல் 19,071 வாக்கு எடுத்துத் தோற்ற கட்சி, 2024-இல் 14,526 எடுத்து வென்றிருக்கிறது. லேபர் 25,090-இலிருந்து 10,100-க்குச் சரிந்தது. அங்கே முன்னர் லேபர் எம்.பி.யாக இருந்த கிளோடியா வெப் சுயேச்சையாக 5,532 வாக்கும், அவருக்கு முன் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் எம்.பி.யாக இருந்த கீத் வாஸ் 3,681 வாக்கும், லிபரல் டெமாக்ரட் 6,329 வாக்கும் எடுத்தார்கள்.

எங்கள் வாசல் தொகுதியான ஹாரோ ஈஸ்டும் தப்பவில்லை. அங்கே வென்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பாப் பிளாக்மனின் வித்தியாசம் 8,170-இலிருந்து 11,680 ஆகக் கூடியது. கன்சர்வேட்டிவ் கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய ஒரே தொகுதி நாட்டிலேயே இதுதான். கூட்டத்தில் எல்லோரும் 'அவருக்கு வாக்குக் கூடினது' என்றே பேசினார்கள். அவர் வாக்கு 26,935-இலிருந்து 25,466-க்குக் குறைந்திருந்தது. லேபர் அதைவிட வேகமாகக் குறைந்தது, 18,765-இலிருந்து 13,786-க்கு.

மூன்றாவது: அதே எண் மறுபக்கம் பொய் சொன்னது

முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர் லிஸ் டிரஸ் தோற்ற சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் ஸ்விங் லேபர் பக்கம் சுமார் 26 புள்ளி. கேட்பவர் என்ன நினைப்பார்? நூற்றுக்கு 26 பேர் டிரஸ்ஸை விட்டு லேபருக்குப் போனார்கள் என்று. லேபர் கூடியது எட்டுப் புள்ளி அளவுதான், 26.7 சதவீதம் வரை. டிரஸ் 69-இலிருந்து 25.3-க்கு விழுந்தார். ரிஃபார்ம் 22.5, ஜேம்ஸ் பாக் என்ற சுயேச்சை 14.2. லேபர் வென்றது 630 வாக்கில். எதிரணி உடைந்து விழ, நடுவில் நின்றவர் கையில் கோப்பை வந்தது.

நாடு தழுவிய 10.8-க்கும் இதே கதை. லேபரின் வாக்கு 2019-இல் சுமார் 1.03 கோடி, 2024-இல் 97 லட்சம். வென்ற கட்சிக்கு வாக்கு குறைந்திருக்கிறது. வாக்குப்பதிவே 67.3 சதவீதத்திலிருந்து 59.7-க்கு இறங்கியது. இங்கிலாந்தில் லேபரின் விகிதம் ஏறியது அரைப் புள்ளி அளவுதான்; வேல்ஸில் 40.9-இலிருந்து 37-க்கு இறங்கியது. ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஸ்காட்லாந்தில்தான்: 18.6-இலிருந்து 35.3, ஒரு இடத்திலிருந்து 37 இடங்கள்.

இந்தச் சூத்திரம் பிறந்த காலத்தை நினைத்தால் ஏன் இப்படி என்று விளங்கும். 1951 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 97 சதவீத வாக்கு எடுத்தன. ஒருவர் இழந்தது மற்றவருக்குத்தான் போக முடியும். 2024-இல் இருவரும் சேர்ந்து 57.4.

எடுத்த முடிவுகள்

அச்சுக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். அம்புக்குறிகள் அனைத்தும் போயின.

ஸ்விங்கை அறவே விடுவதா என்று ஒரு முழு மாலை வாதித்தோம். முதலில் வைத்த விதி: 'இரு தேர்தலிலும் முதல் இரண்டு இடங்கள் லேபர், கன்சர்வேட்டிவ் என்றிருந்தால் மட்டும் ஸ்விங் தருவோம்.' அந்த விதியில் சிங்ஃபோர்ட் தேறிவிடுகிறது, 79 வாக்குப் புண்ணியத்தில். நார்ஃபோக்கும் தேறிவிடுகிறது. விதியை மாற்றி, இரண்டு கட்சிகளும் சேர்ந்து முக்கால் பங்கு வாக்கு எடுத்திருக்க வேண்டும் என்றோம். ஹெண்டன், ஹாரோ ஈஸ்ட் இரண்டு மட்டும் மிஞ்சின. ஹாரோ ஈஸ்டில் இருவருமே இறங்கியிருப்பதை மேலே சொன்னேன். ஆகவே அந்த விதியும் முழுக் காவல் அல்ல.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. முதல் வரியில் ஒவ்வொரு கட்சியின் வாக்கு எண்ணிக்கை, அன்றும் இன்றும். அடுத்த வரியில் சதவீதப் புள்ளி மாற்றம், மதிப்பீட்டு 2019 எண்களோடு. மூன்றாவதாக வாக்குப்பதிவு. ஸ்விங் வேண்டுமென்றால் கடைசிப் பத்தியில், சிறிய எழுத்தில். 'திரும்பினர்', 'தாவினர்' என்ற வினைச்சொற்களுக்குத் தடை. தொகுதி மொத்தத்தை வைத்துக்கொண்டு தனி ஆள் எங்கிருந்து எங்கே போனார் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரே ஆட்களைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுவரும் ஆய்வுகள் வேண்டும்.

இன்னொரு முடிவு கசப்பானது. வட்டத்தில் லேபருக்காக வீடு வீடாகப் போன ஒருவர், டாட்லர், ஷாஹீன் வாக்குகளைக் கூட்டி '24,969, ஆகவே லேபர் வென்றிருக்கும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கூட்டல் சரி. ஆனால் ஷாஹீனுக்குப் போட்ட எல்லோரும் அவர் இல்லையென்றால் டாட்லருக்குப் போட்டிருப்பார்கள் என்பது ஊகம். சிலர் கிரீனுக்குப் போயிருக்கலாம், சிலர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். நாங்கள் அந்த வரியைச் சேர்க்கவில்லை. அவர் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

தொடர்ந்து நடந்தது

கையேடு செப்டம்பருக்கு வரவில்லை, அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் என் பழைய வரைவின் ஒரு பக்கம், சிங்ஃபோர்ட் வாக்கியத்தோடு, யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். திருத்தத்தை மூன்று முறை அனுப்பினேன். இன்றும் 'சிங்ஃபோர்ட் சனம் டோரிக்கு (கன்சர்வேட்டிவுக்கு) மாறிட்டுது' என்று என்னிடமே சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூலம் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது ஹெண்டன். தேசிய ஸ்விங்கைப் பொருத்தினால் லேபர் சுலபமாக வென்றிருக்க வேண்டிய இடம். 2019-இல் கன்சர்வேட்டிவ் முன்னிலை 4,230 மட்டுமே. லேபர் வென்றது 15 வாக்கில், 15,855-க்கு 15,840. "அண்டைக்கு மழை எண்டு நான் போகேல்லை," என்று ஒருவர் மெல்லச் சொன்னார். எந்தக் கட்சிக்காரர் என்று யாரும் கேட்கவில்லை.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

வரைவுகளில் 'வரைவு' என்று குறுக்கே எழுதாமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். பெயரை வைத்து எண்ணைப் பொருத்தும் முன் எல்லை வரைபடத்தைப் பார்ப்போம்; விரிதாளில் காலிக் கட்டம் இனி பூச்சியமாகாது, சிவப்பாகும். எண்ணும் மண்டப அம்மாவைக் கடைசியில் அழைத்தோம். முதல் நாளே அழைத்திருக்க வேண்டும்.

அங்கிளுக்கும் மாணவிக்கும் இடையில் ஒரு விஷயம் தீரவில்லை. ஸ்விங் பத்தியை முற்றாக எடுத்துவிட வேண்டும் என்பது மாணவியின் இன்றைய நிலை. முதலில் அதைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அங்கிளோ, தொலைக்காட்சியில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு வருபவருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் வேண்டும் என்கிறார். நான் அங்கிள் பக்கம்.

புதிய தாளை முதலில் சோதித்தது 2025 மே 1-இல் நடந்த ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில். எல்லை மாறவில்லை, நல்ல காலம். ரிஃபார்ம் 12,645, லேபர் 12,639, ஆறு வாக்கு. லேபரிலிருந்து ரிஃபார்முக்கு 17.4 புள்ளி ஸ்விங் என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். எங்கள் தாளின் முதல் வரி வேறு ஒன்றைச் சொன்னது: பத்து மாதத்தில் லேபர் இழந்தது 9,719 வாக்கு, ரிஃபார்ம் கூட்டிக்கொண்டது 4,983. கன்சர்வேட்டிவும் 6,756-இலிருந்து 2,341-க்கு இறங்கியிருந்தது. வாக்குப்பதிவு 46 சதவீதம்.

மாணவி அதன் கீழே எழுதிய குறிப்பு: 'லேபர் இழந்த அளவுக்கு ரிஃபார்முக்குக் கூடவில்லை, கூடியது அதில் பாதியளவுதான்; யார் எங்கே போனார் என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.' அங்கிள் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். 17.4 வலது ஓரத்தில், சிறிய எழுத்தில் இருந்தது.